வாசகர் கேள்வி: பாதியில் நின்றுபோகும் வோல்ட்

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றையும் தொடராக இணைத்தேன். மதுரையில் வாங்கிய சின்ன மஞ்சள் மல்டிமீட்டரை கெப்பாசிட்டரின் கால்களில் வைத்தால் 4.5 வோல்ட் வரை ஏறி அங்கேயே நிற்கிறது. வேறு கெப்பாசிட்டர் போட்டாலும் அதே கதை. ஏன்?
– பிளஸ் டூ மாணவி, உசிலம்பட்டி

பதில்: கெப்பாசிட்டர் நல்லாத்தான் இருக்கிறது. மின்னோட்டத்தைக் குடிப்பது மீட்டர். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றின் உள்தடை 1 மெகா ஓம்தான். உங்கள் ரெசிஸ்டரும் அதே 1 மெகா ஓம். ரெசிஸ்டர் வழியாக வருவது முழுக்க மீட்டர் வழியே போய்விடும் நிலை வந்ததும் கெப்பாசிட்டருக்குள் எதுவும் சேராது. 9 வோல்ட் சரிபாதியாகப் பிரியும் இடம் 4.5.

சந்தேகம் இருந்தால் மீட்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு முனைகளை வைத்தவுடன் திரையைப் பாருங்கள்: 8-க்கு மேல் ஓர் எண் தெரிந்து, மளமளவென 4.5-க்கு இறங்கும்.

இனி 10 கிலோ ஓம், 1000 மைக்ரோஃபாரட் (25 வோல்ட்) போடுங்கள். தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் வருவது, கெப்பாசிட்டர் சுமார் 63 சதவீதம் நிரம்ப ஆகும் நேரம்: உங்கள் பழைய ஜோடிக்கு வருவது போலவே இதற்கும் 10 விநாடி. மீட்டர் தின்பதோ ஒரு சதவீதம்தான். 10-ஆவது விநாடியில் ஏறத்தாழ 5.7, 20-இல் 7.7, 30-இல் 8.5, 50-இல் 8.9 வோல்ட் வரும். முதல் பத்து விநாடியில் கிடுகிடுவென ஏறுவது பிறகு தவழ்வதற்குக் காரணம் உண்டு. கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்ட் குறைகிறது. தொடக்கத்தில் 0.9 மில்லி ஆம்பியர் ஓடிய இடத்தில், பாதி நிரம்பியதும் 0.45-தான் ஓடும். மின்னோட்டம் குறைந்தால் நிரம்பும் வேகமும் குறையத்தானே செய்யும்?

5.7 வோல்ட்டை எட்டும் நேரம் உங்கள் கடிகாரக் கணக்கில் 8 அல்லது 12 விநாடி என்று வந்தால் பதற வேண்டாம். இந்த வகை கெப்பாசிட்டரில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சாதாரணம். உடலில் கோடு போட்ட பக்கத்துக் கால் நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் சூடேறி உப்பும், வெடிக்கவும் கூடும். மறுபடி அளக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கால்களுக்குக் குறுக்கே பத்து விநாடி வையுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த அளவு பொய்யாகும்.

கேள்வி: இதே சோதனைக்குப் பழைய ஃபேன் கண்டன்சர் ஆகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: ஆகாது. அது வெறும் 2.5 மைக்ரோஃபாரட், 10 கிலோ ஓமோடு 0.025 விநாடிதான் வரும், மீட்டர் பிடிப்பதற்குள் நிரம்பிவிடும். ஃபேனிலிருந்து கழற்றியதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், வெறுங்கையால் அதன் வயர் முனைகளைத் தொடாதீர்கள்.