ஹீமோகுளோபினில் பாதியைக் காணோம்

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு வந்து எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறேன். சிக்கிள் செல் நோய் (அரிவாள் செல் ரத்தசோகை) பற்றி ப்ராஜெக்ட். சாதாரண ஹீமோகுளோபினின் முப்பரிமாண வடிவத்துக்காக, புரத வங்கியிலிருந்து (புரோட்டீன் டேட்டா பேங்க்) 1எச்எச்ஓ என்ற கோப்பை இறக்கி, மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமாலில் திறந்தால் இரண்டு புரதச் சங்கிலிகள்தான் வருகின்றன. பாடத்தில் நான்கு என்றுதானே படித்தோம்? சாஃப்ட்வேர் கோளாறா? லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான். காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: எதையும் வாங்காதீர்கள். கோளாறும் இல்லை. பைமால் கோப்பில் இருப்பதைத்தான் காட்டுகிறது. அந்தக் கோப்பில் இருப்பதே பாதிதான்.

சுங்குடிச் சேலைக்கு அச்சு அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் பாதிப் பூவை மட்டும் செதுக்கி, ஒரு முறை அடித்து, கட்டையை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடித்தால் முழுப் பூ வந்துவிடும். புரதத்தைப் படிகமாக்கித்தான் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள்; அந்தப் படிகமும் அப்படித்தான். திரும்பத் திரும்ப வருவதை எல்லாம் எழுதாமல், கட்டையில் இருப்பதை மட்டும் கோப்பில் எழுதி வைப்பார்கள். அசிமெட்ரிக் யூனிட் என்பது அதுதான். 1எச்எச்ஓவில் ஒரு ஆல்ஃபா சங்கிலி, ஒரு பீட்டா சங்கிலி. மற்ற இரண்டும் அரைச்சுற்றில் கிடைப்பவை.

முழுதாக வேண்டுமென்றால் புரத வங்கியின் தளத்தில் அதே பக்கத்தில் 'பயாலஜிக்கல் அசெம்பிளி 1' என்று இருப்பதை இறக்குங்கள். பழைய பிடிபி கோப்பு வடிவில் இறக்கினால் பைமால் இரண்டு பாதிகளையும் தனித்தனி நிலைகளாக (ஸ்டேட்) வைத்துக்கொண்டு ஒன்றைத்தான் காட்டும். எல்லா நிலைகளையும் காட்டச் சொல்லும் அமைப்பை இயக்க வேண்டும். இதில் தடுமாறாதவர்கள் குறைவு.

ஆனால் உங்கள் வேலைக்கு 1எச்எச்ஓவே சரியான தேர்வு இல்லை. அது ஆக்சிஜன் பிடித்த நிலை. சிக்கிள் செல் ஹீமோகுளோபினுக்கு நீங்கள் எடுக்கப்போகும் 2எச்பிஎஸ் ஆக்சிஜன் இல்லாத நிலை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆக்சிஜனால் வந்ததாக இருக்கும், நோயால் வந்ததாக அல்ல. அதனால் ஆக்சிஜன் இல்லாத 4எச்எச்பியை எடுங்கள். அதில் நான்கு சங்கிலிகளும் கோப்பிலேயே இருக்கின்றன, 1.74 ஆங்ஸ்ட்ராம் துல்லியம் வேறு (எண் சிறிதானால் தெளிவு கூடும்).

2எச்பிஎஸ்ஸைத் திறந்ததும் எட்டு சங்கிலிகள் வரும். இப்போது மறுபடி பதற வேண்டாம்! அதில் இரண்டு முழு ஹீமோகுளோபின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. படம் எடுக்க வேண்டிய இடமும் அவை தொடும் இடம்தான்: ஒன்றின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்து வேலின் (நோய்க்குக் காரணமான மாற்றம் இதுதான்; சாதாரணமாக அங்கே குளுட்டமிக் அமிலம் என்ற வேறு அமினோ அமிலம் இருக்கும்), மற்றதன் பீட்டாவில் 85ஆம் ஃபினைல்அலனினும் 88ஆம் லூசினும் இருக்கும் குழியில் போய் உட்காருகிறது. இப்படி ஒட்டி ஒட்டித்தான் ஹீமோகுளோபின் இழையாக நீளுகிறது.

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். 4 ஜிபிக்கு முதலில் பிரவுசரில் ஓடும் மோல்ஸ்டார். நிறுவ எதுவுமில்லை, புரத வங்கித் தளத்திலேயே இருக்கிறது, முழு அசெம்பிளியைத்தான் முதலில் காட்டும். கைமெராஎக்ஸ் எனக்குப் பிடித்தது, கல்வி ஆராய்ச்சிக்கு இலவசம். ஆனால் பழைய கிராஃபிக்ஸ் சில்லில் திறக்காமல் போகலாம். விஎம்டி மூலக்கூறு அசைவை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு, இப்போதைக்கு விடுங்கள். பைமாலில் ஒரு எச்சரிக்கை: மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் உரிமம் வகுப்பறைக்கு மட்டும், ஆய்வுக்கட்டுரைப் படத்துக்கு ஆகாது. திறமூலப் பதிப்பு ஒன்று தனியாக இருக்கிறது, அதை நிறுவிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

படத்துக்கு வெள்ளைப் பின்னணி வையுங்கள். சிவப்பும் பச்சையும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும்.

அப்புறம், மரபணு அறிக்கைகளில் இதே மாற்றத்தை 7ஆம் இடம் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் பின்னால் வெட்டப்படும் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறார்கள். படத்தின் கீழ் எந்த எண்ணிக்கை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், வைவாவில் கேட்பார்கள்.