பைபேக்கா, டிவிடெண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2025 நவம்பரில் இன்ஃபோசிஸ் ஒரு பங்கை 1,800 ரூபாய்க்குத் திரும்ப வாங்கியது. அறிவிப்பு வந்தபோது சந்தை விலை 1,500-ஐ ஒட்டித்தான் இருந்தது. நான் 30% வரி கட்டுபவன். பங்கைக் கொடுக்காமல் விட்டது தப்பா?

தப்பே இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் பைபேக்கில் (கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவது) வரும் முழுத் தொகையையும் டிவிடெண்டாகவே (கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) வருமான வரித்துறை எடுத்துக்கொண்டது. நீங்கள் வாங்கிய விலை 1,000 என்று வைத்துக்கொள்வோம். 1,800-க்கு 30% வரி 540 போக, மிஞ்சுவது 1,260. அந்த 1,000 மூலதன நட்டமாகக் கணக்கில் ஏறும். 8 ஆண்டுகள் வரை வேறு ஆதாயத்தில் கழிக்கலாம். நீண்டகால ஆதாயத்தில் கழித்தால் மிச்சமாகும் வரி 125. அதையும் சேர்த்தால் மொத்தம் 1,385. சந்தையில் 1,500-க்கு விற்றிருந்தாலோ, 500 ரூபாய் ஆதாயத்துக்கு 12.5% வரி 62.50 போக 1,437.50 கைக்கு வந்திருக்கும். செஸ் (வரிமேல் வரும் கூடுதல் வரி) சேர்க்காத கணக்கு இது. நந்தன் நிலேகனி உள்ளிட்ட புரமோட்டர்களும் (நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்) அந்த பைபேக்கில் பங்கு கொடுக்கவில்லை.

ஆனால் அடுத்த பைபேக்குக்கும் இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். 2026 ஏப்ரல் முதல் பைபேக்கை மூலதன ஆதாயமாகப் பார்த்து வரி விதிக்க 2026 பட்ஜெட் முன்மொழிந்தது.

கேள்வி: என் அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. கொஞ்சம் பங்குகள்தான் வைத்திருக்கிறார். அவர் கொடுத்திருக்கலாமா?

தாராளமாக. வேறு வருமானம் இல்லாததால் அவருக்கு வரி வராமலே போகலாம். ரெக்கார்ட் தேதியில் (யார் யார் பங்குதாரர் என்று கம்பெனி கணக்கெடுக்கும் நாள்) கையிருப்பின் மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் சிறு பங்குதாரர். பைபேக்கில் அவர்களுக்கு 15% ஒதுக்கீடு உண்டு. இன்ஃபோசிஸில் அவர்களிடம் 11 பங்குக்கு 2 வீதம் வாங்கினார்கள். மற்றவர்களிடம் 706-க்கு 17 தான். டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

கேள்வி: பங்கைக் கொடுக்காமல் பத்து வருஷம் வைத்திருப்பவருக்கு பைபேக்கால் என்ன லாபம்?

நீண்டகால முதலீட்டாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பங்குகளின் எண்ணிக்கை குறைகிறது, ஒரு பங்குக்கான லாபம் கூடுகிறது என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் உண்மையான மதிப்பு 10,000 ரூபாய், பங்குகள் 100. 20 பங்குகளை 120 ரூபாய் வீதம் வாங்கினால் 2,400 வெளியே போகும். மீதி 7,600-ஐ 80 பங்குகளுக்குப் பிரித்தால் ஒன்று 95. அதாவது, விற்றுவிட்டுப் போனவருக்குக் கொடுத்த கூடுதல் பணம் உங்கள் பையிலிருந்து போயிருக்கிறது! அதே 20 பங்குகளை 80 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் உங்களுடைய ஒவ்வொரு பங்கும் 105 ஆகியிருக்கும். சந்தை சோர்ந்து கிடக்கும்போது வாங்கும் நிர்வாகத்தை நான் மதிக்கிறேன். விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்குவதைவிட டிவிடெண்டாகவே கொடுத்துவிடலாம்.

அப்புறம், ஊழியர்களுக்குப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் பைபேக் செய்யும் கம்பெனிகளும் உண்டு. ஆண்டறிக்கையில் ஐந்து வருஷப் பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். குறையவில்லை என்றால் கம்பெனியில் உங்கள் பங்கு விகிதம் வளரவில்லை.

கேள்வி: டிவிடெண்ட் அறிவித்ததும் வாங்கி, பணம் வந்ததும் விற்றுவிடலாமா?

வேண்டாம். எக்ஸ்-டிவிடெண்ட் நாளில் (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது) விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கிவிடும். வரும் டிவிடெண்டுக்கு உங்கள் வருமான வரி ஸ்லாப்படி (வருமானத்துக்கு ஏற்ற வரி விகிதம்) வரி கட்ட வேண்டும்.

கேள்வி: பொதுத்துறைப் பங்குகள் டிவிடெண்டுக்கு நல்லவையா?

நிகர லாபத்தில் 30% அல்லது நிகர மதிப்பில் (சொத்திலிருந்து கடன் போக மீதி) 4%, இவற்றில் எது அதிகமோ அதையாவது டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு அவற்றுக்கு நெறிமுறை வகுத்தது. அதனால் டிவிடெண்ட் வரும். லாபம் குறையும் வருஷத்தில் அதுவும் குறையும் என்பதால், வீட்டுச் செலவு முழுவதையும் அதை நம்பி வைக்காதீர்கள்.