பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ராத்திரியும்

கேள்வி: அக்கா, நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஒரே வீட்டில் கூடி, எல்லாவற்றையும் வயரால் இணைத்து விடிய விடிய கேம் ஆடும் லேன் பார்ட்டி நடத்தப் போகிறோம். எல்லோரும் சமமாகப் போட்ட பணம் கொஞ்சம்தான். கோப்பையும் கலர் விளக்கும் வாங்கலாம் என்கிறார்கள் சிலர், புது கேம் வாங்கலாம் என்கிறார்கள் சிலர். எதற்கு முதலில் செலவழிப்பது?

பதில்: மூன்றையும் தள்ளி வையுங்கள் தம்பி. முதலில் அந்த வீட்டு மெயின் போர்டைப் போய்ப் பாருங்கள்.

விளையாட்டு மும்முரமாக ஓடும்போது ஒரு கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 600-ஐயும் தாண்டும். 400 என்றே வைத்தாலும் பன்னிரண்டு பேருக்கு 4,800 வாட். 230 வோல்ட் வருகிற இடத்தில் 16 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று (போர்டில் உள்ள ஒரு பிரேக்கரின் கீழ் வரும் ப்ளக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு சர்க்யூட்) தாங்குவது 3,680 வாட். 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் வெறும் 1,800. மணிக்கணக்கில் ஓடப்போவதால் அதிலும் எண்பது சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். அதாவது முதல் வகையில் ஒரு சர்க்யூட்டுக்கு ஏழு கம்ப்யூட்டர், இரண்டாவதில் மூன்றுதான். எந்த ப்ளக் எந்த சர்க்யூட்டில் வருகிறது என்று பிரேக்கரை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

நாங்கள் முதன்முதலில் கூடியபோது எட்டு பேர், எல்லோரும் ஒரே அறை ப்ளக்கில் மாட்டியிருந்தோம். நடு ராத்திரியில் டிரிப் ஆகி எல்லாத் திரையும் இருண்டது. கரண்ட் வந்த பிறகும் ஒரு நண்பனின் ஹார்ட் டிஸ்க் உயிர் பெறவில்லை. அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. அன்றைக்கு அவன் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பொதுப் பணத்தில் முதல் செலவு நல்ல தடிமனான வயர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். ஒன்றில் இன்னொன்றைச் செருகி நீட்டவே கூடாது.

இன்னொன்று, இழுக்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 4,800 வாட் என்பது கிட்டத்தட்ட ஐந்து சின்ன ரூம் ஹீட்டரை ஓட விட்ட மாதிரி. இரண்டு அறையாகப் பிரிந்து உட்காருங்கள்.

அடுத்து நெட்வொர்க். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள கிகாபிட் சுவிட்ச் ஒன்று இரவல் கிடைத்தால் நல்லது. 8 போர்ட் இரண்டு இருந்தாலும் போதும்: ஒன்றோடொன்று இணைக்க இரண்டு போர்ட், ரூட்டருக்கு ஒன்று போக 13 மிஞ்சும். கேட் 5இ என்ற வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தரும், அதைவிட விலை கூடியது தேவையில்லை. கூடுதலாக இரண்டு மூன்று வாங்கி வையுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் கைகொடுக்காமல் போகும்.

கேமை எல்லோரும் வீட்டிலேயே இறக்கி, அப்டேட்டும் முடித்துவிட்டு வரட்டும். 100 ஜிபி கேமை 100 மெகாபிட் இணைப்பில் ஒருவர் இறக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் ஒரு நாள் தாண்டிவிடும். மறந்து வருபவருக்கு, கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில் ஒரே நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கேமை இழுத்துக்கொள்ளும் வசதி 2023 முதல் இருக்கிறது. கிகாபிட் வயரில் அதே 100 ஜிபி கால் மணி நேரத்தில் வரலாம், டிஸ்க் வேகமாக இருந்தால்.

புது கேமைப் பொறுத்தவரை, எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பதை முதலில் பட்டியல் போடுங்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை பேர் என்றும் பாருங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் எட்டு பேர்தான், நால்வர் மாறி மாறி உட்கார வேண்டும். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிட்டு, அப்புறம் மீதி இருந்தால் கோப்பை வாங்குங்கள்.

கேள்வி: எங்களில் ஒருவனிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. பங்குப் பணமும் இப்போது அவனால் தர முடியாது. கூப்பிட்டால் சங்கடப்படுவானா?

பதில்: கூப்பிடாமல் விட்டால்தான் சங்கடம். பணத்தை ஒருவர் மட்டும் தனித்தனியாக வாங்கட்டும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அவரோடு இருக்கட்டும். கேமைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த லேப்டாப்பில் ஓடுமா என்று பாருங்கள். அதில் ஓடுவது மற்ற எல்லாவற்றிலும் ஓடும். நெட்வொர்க் கேபிள் செருகும் ஈதர்நெட் போர்ட் அதில் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்றைப் பொதுப் பணத்திலேயே வாங்கி, கேபிளோடு அவன் மேசையில் மாட்டி வைத்துவிடுங்கள்.