லினக்ஸில் நிகழ்நேர ஷெட்யூலிங் (வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓடவைக்கும் முறை): கேள்வி பதில்

கேள்வி (கப்பலூர் தொழிற்பேட்டை): எங்கள் பட்டறையின் மில்லிங் மெஷினை லினக்ஸ்சிஎன்சி (இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள்) உள்ள கணினியில் ஓட்டுகிறோம். எப்போதாவது ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப் தவறி ஜாப் வீணாகிவிடுகிறது. வேகமான பிராசசர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் ஐயா, முதலில் அளந்து பாருங்கள். மோட்டாருக்கான பல்ஸைக் கணினியே பேரலல் போர்ட் வழியாக அனுப்பும்போது, அந்த நிரல் ஏறத்தாழ 25 முதல் 50 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை தவறாமல் விழித்தாக வேண்டும். லட்சம் முறை நேரத்துக்கு வந்துவிட்டு ஒரே ஒரு முறை 200 மைக்ரோ விநாடி பிந்தினாலும் ஸ்டெப் தவறக்கூடும் என்பதால், சராசரித் தாமதத்தை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய இயலாது. மிக மோசமான தாமதம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியுடன் வரும் லேட்டன்சி டெஸ்டை ஓடவிட்டு, அது ஓடும்போதே பெரிய கோப்புகளை நகலெடுங்கள், திரையில் விண்டோக்களை இங்குமங்கும் இழுங்கள். சும்மா கிடக்கும் கணினியில் எடுத்த அளவை நம்பவே கூடாது. அதிகபட்ச ஜிட்டர் (குறித்த நேரத்திலிருந்து விலகும் அளவு) 20 மைக்ரோ விநாடிக்குள் நின்றால் மிக நல்லது. 100ஐத் தாண்டினால் இந்த வேலைக்கு அந்தக் கணினி ஆகாது.

பல இடங்களில் கோளாறு மின்சேமிப்பில்தான் இருக்கிறது. ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போன பிராசசர் எழுந்து வருவதற்கே நேரம் பிடிப்பதால், பயாஸில் சி-ஸ்டேட் எனப்படும் அந்த உறக்க நிலைகளை அணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகும் ஜிட்டர் குறையவில்லை என்றால், மதர்போர்டின் எஸ்எம்ஐ குறுக்கீடுகளைச் சந்தேகிக்கலாம். அவை இயங்குதளத்துக்கே தெரியாமல் பிராசசரைப் பிடித்துக்கொள்கின்றன; புத்தம்புதிய கணினியிலும் இந்தத் தொல்லை வரலாம்.

கேள்வி (மாணவர், திருப்பரங்குன்றம்): என் நிரலுக்கு ஷெட்-ஃபைஃபோவில் (லினக்ஸின் நிகழ்நேர ஷெட்யூலிங் முறைகளில் ஒன்று) 99 முன்னுரிமை கொடுத்ததும் ராஸ்பெர்ரி பை ஏறக்குறைய உறைந்துவிட்டது. ஏன்?

பதில்: ஃபைஃபோவில் நேரப்பங்கு கிடையாது, தம்பி. நிரல் தானாகக் காத்திருக்கப் போகும் வரை, அல்லது அதைவிட உயர்ந்த முன்னுரிமையுள்ள வேலை வரும் வரை, அது ஓடும் பிராசசர் கோர் அதற்கே சொந்தம். உங்கள் நிரலில் சென்சாரை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் லூப் இருந்தால், மற்ற சாதாரண நிரல்களுக்கு அந்த கோரில் விநாடிக்கு 50 மில்லி விநாடிதான் மிஞ்சும். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கிளாக்-நானோஸ்லீப் கொண்டு அடுத்த நேரம் வரை உறங்கச் செய்யுங்கள். 99ஐ கெர்னலின் (இயங்குதள மையத்தின்) சொந்த வேலைகளுக்கு விட்டுவிட்டு, 80 போன்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே, நிரலின் நினைவகத்தை ராமிலேயே பூட்டிவைக்கும் எம்லாக்ஆல் அழைப்பது அவசியம். இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட் (தேவையான நினைவகப் பக்கம் தயாராக இல்லாத நிலை) வந்து, எந்த முன்னுரிமை இருந்தாலும் நிரல் காத்துக் கிடக்க நேரும்.

கேள்வி (மேலூர்): விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ‘ரியல்டைம்’ என்று தேர்ந்தெடுத்தால் போதாதா?

பதில்: போதாது. அது முன்னுரிமையை உயர்த்துமே தவிர, கால உத்தரவாதம் எதையும் தராது.

கேள்வி (ஒலிப்பதிவுக் கூடம், சிம்மக்கல்): நாதஸ்வரப் பதிவில் இடையிடையே ‘டிக்’ என்று ஒலி உடைகிறது. பிரீஎம்ட்-ஆர்டி (நிகழ்நேர வேலைக்கான) கெர்னல் வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம் அம்மா. 48,000 ஹெர்ட்ஸில் 128 ஃபிரேம் பஃபர் (ஒலித்தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) என்றால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 2.67 மில்லி விநாடி. சாதாரண கெர்னலே இதைச் சமாளிக்கும். உங்கள் பயனர் கணக்குக்கு ஆர்டிபிரியோ (நிகழ்நேர முன்னுரிமை) அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், பதிவின்போது வைஃபையை அணையுங்கள். பதிவு மட்டும் செய்யும் நேரத்தில் பஃபரை 512 ஆக்கினாலும் இழப்பில்லை. அப்படியும் தேவைப்பட்டால், 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 முதல் பிரீஎம்ட்-ஆர்டி மூல கெர்னலிலேயே சேர்ந்துவிட்டதால், தனியாக பேட்ச் தேடி அலைய வேண்டியதில்லை.