மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் பேசுகிற பேச்சும், செல்போனில் பார்க்கிறவைகளும் அவளுடைய விசுவாசத்தைக் கெடுத்துவிடுமோ என்று பயப்படுகிறேன். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் முகம் சுளிக்கிறாள். வருகிற ஜூனில் அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தி, என் மனைவி வேலையை விட்டுவிட்டு, வேதத்தை மையமாக வைத்து வீட்டிலேயே படிப்பிக்கலாம் என்றிருக்கிறேன். மகன் பிளஸ் ஒன் என்பதால் அவனை மாற்றவில்லை. இது தேவசித்தம்தானா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரரே, மனைவி வேலையை விட வேண்டும், மகள் பள்ளியை விட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எதை விடப்போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் வைத்துப் படிப்பிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. அதைப் பொறுப்போடு செய்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் முன்மாதிரியாகச் சொல்வது சூசன்னா வெஸ்லியை, அதாவது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாயை. 19 பிள்ளைகளைப் பெற்று, 10 பேரை வளர்த்து ஆளாக்கிய தாய். இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில் காலை 9 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 5 வரை அவரே பாடம் நடத்தினார். பெண்பிள்ளை நன்றாக வாசிக்கப் பழகும்வரை அவளுக்குத் தையல் வேலை கொடுக்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். ஆனால் அவரும் ஜானைப் பத்து வயதில், 1714-ல், லண்டன் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். 1716-ல் சார்லஸ் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்குப் போனான். இதை நம் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பே அந்தத் தாய் ஒன்று செய்திருந்தார். வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற மனிதனான பிறகும், அந்த வியாழன் மாலையில் தன்னை நினைக்கும்படி ஜான் தாய்க்கு எழுதினார். ஆறு மணி நேரப் பாடத்தை அல்ல, அந்த ஒரு மாலையைத்தான் அவர் கேட்டார். உங்கள் மகளுக்கு அப்படி ஒரு கிழமை உண்டா?

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை நீங்களும் வாசித்திருப்பீர்கள். அந்த வார்த்தைகள் முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் போதிப்பது. எப்போது? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இந்த நான்கில் எதையும் பள்ளிக்கூடம் உங்களிடமிருந்து பறிக்கவில்லை. தானியேல் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றான், ராஜாவின் போஜனத்தை மறுத்தான். எதைப் படிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவனாகத்தான் அவன் பாபிலோனுக்குள் போனான்.

அவள் முகம் சுளிப்பதைப் பற்றியும் கேட்கிறேன். குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் பேசுகிறோமா, அல்லது கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையின் குறைகளை அவள் காதில் விழும்படி அடுக்குகிறோமா? நம்மில் பல வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் நிருபத்தில் பவுல் எழுதியது பிதாக்களுக்கு.

மகனை மாற்றவில்லை என்கிறீர்கள். செல்போனும் கெட்ட பேச்சும் அவளைக் கெடுக்கும் என்றால் அவனையும் கெடுக்கும். அவன் படிப்பு நின்றால் எதிர்காலம் போய்விடும் என்று உங்களுக்குத் தெரிகிறது. அவளுக்கும் எதிர்காலம் உண்டு. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1707-ல். அன்றிலிருந்து நம் பூட்டிகளும் பாட்டிகளும் ஊராரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டுதான் மிஷன் பள்ளிகளில் எழுத்துப் படித்தார்கள். அந்த எழுத்தால்தான் வேதத்தைத் தாங்களே வாசித்தார்கள். விசுவாசத்தின் பெயரைச் சொல்லி ஒரு பெண்பிள்ளையை மட்டும் பள்ளியிலிருந்து இறக்குவதற்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறும் பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. ஆனால் பள்ளிக்குப் போகாமல் தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டிலும் இல்லாமல் இருப்பாள்.

ஜூன் வரை அவகாசம் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை அவளோடு நீங்கள் உட்காருங்கள், மனைவியை அனுப்பாதீர்கள். பள்ளியில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வசனம் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் மனைவியும் மகளும் தங்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றையும் வாசித்துப் பதில் எழுதுகிறேன்.