ஹாப்பா, இண்டக்ஷனா, பழைய அடுப்பா? முதலில் கரண்ட் பில்லை எடுங்கள்

கேள்வி: பல்லாவரத்தில் புது பிளாட்டுக்குக் குடிபோகிறோம். மாடுலர் கிச்சன் வேலை நடக்கிறது. கிரானைட்டை வெட்டிப் பதிக்கிற நான்கு பர்னர் ஹாப் போடலாம் என்கிறார் இன்டீரியர் வேலை செய்பவர். ஹாப் மட்டும் 27,500 ரூபாய். அதையும் வீட்டுக்கடன் டாப்-அப்பில் சேர்த்துவிட்டால் மாதம் 250 ரூபாய்கூட வராது என்கிறார். கணவரோ, 'சிலிண்டர் விலை ஏறிக்கொண்டேதான் போகும், மொத்தமாக இண்டக்ஷனுக்கு மாறிவிடலாம்' என்கிறார். மாமியாருக்கு இரண்டிலும் விருப்பமில்லை. இப்போதிருக்கும் மூன்று பர்னர் அடுப்பு வாங்கி ஐந்து வருடமாகிறது, நன்றாகத்தான் எரிகிறது. சிலிண்டர் 40 நாள் வருகிறது. கரண்ட் சாதாரண நாளில் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட், ஏ.சி. ஓடும் வெயில் காலத்தில் 540 யூனிட் வரை போகும். எது லாபம்?

பதில்: சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, கரண்ட் எத்தனை யூனிட் ஓடுகிறது என்ற இரண்டு விவரத்தையும் எழுதியதற்கு நன்றி. அடுப்பு பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பர்னர் எண்ணிக்கையும் கண்ணாடி நிறமும்தான் எழுதுகிறார்கள். உண்மையில் பதில் இருப்பது இந்த இரண்டு எண்களில்தான்.

முதலில் கடன் விஷயம், ஏனென்றால் எனக்கு அதிகக் கவலை அதில்தான். 27,500 ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக்கடனோடு சேர்த்தால் மாதத் தவணை சுமார் 239 ரூபாய். அவர் சொன்னது சரிதான். ஆனால் 240 மாதம் கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்திருப்பது ஏறக்குறைய 57,000 ரூபாய். ஹாப் பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்தாலே பெரிது. அது போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். சுவர், தரை, குழாய் போன்று வீட்டோடு நிற்கிற வேலைக்கு வீட்டுக்கடன் சரி. அடுப்புக்கு வேண்டாம். கடைக்காரர் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் என்று இந்த விலைக்குக் கிட்டத்தட்ட 600 ரூபாய் கூடுதலாகப் போகலாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் கை நழுவும். எந்த அடுப்பை வாங்கினாலும் கையிலிருக்கும் பணத்தில் வாங்குங்கள்.

இனி உங்கள் கணவர் சொல்வதைப் பார்ப்போம். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். ஒரு கிலோ எரிந்தால் சுமார் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு கிடைக்கிறது. அப்படியானால் முழு சிலிண்டரில் 181 யூனிட். இதில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது ஒரு பங்குதான், மீதி பக்கவாட்டில் அடுப்படியைச் சூடாக்குகிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்க வீட்டு கேஸ் அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீதத் திறன் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டால் 123 யூனிட் சூடு சமையலுக்குக் கிடைக்கும். இண்டக்ஷனில் சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால் வீணாவது குறைவு. திறன் 85 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். அதே 123 யூனிட் சூட்டுக்கு மீட்டரில் 145 யூனிட் ஓடும்.

ஆக ஒரு சிலிண்டர் என்பது ஏறக்குறைய 145 யூனிட் கரண்ட். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்த்தியபோது சென்னையில் சிலிண்டர் விலை 868.50 ஆனது. அதை 145-ஆல் வகுத்தால் 6 ரூபாய். நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கும் யூனிட் 6 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் இண்டக்ஷன் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். சிலிண்டர் விலை மாறும்போதெல்லாம் இதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை.

உங்கள் யூனிட் எந்த விலைக்குக் கிடைக்கிறது? 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 8.40, அதற்கு மேல் 600-ஐத் தாண்டினால் 9.45. தாண்டியதும் இன்னொன்றும் நடக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. 101 முதல் 200 வரைக்கான 2.35 ரூபாய்ச் சலுகை போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 போடுகிறார்கள். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டில் 243 ரூபாய் எகிறுகிறது.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். 40 நாளைக்கு ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை, அதாவது 1,303 ரூபாய். அதை முழுதாக இண்டக்ஷனுக்கு மாற்றினால் 218 யூனிட் கூடும். சாதாரண மாதங்களில் 280 என்பது 498 ஆகும். பில் 611-லிருந்து 1,792 ஆகும். மிச்சம் 121 ரூபாய். அதுவும் 500-க்கு இரண்டே யூனிட் கீழே நிற்கிற மிச்சம். ஊரிலிருந்து விருந்தாளி வந்து ஒரு ராத்திரி ஏ.சி. ஓடினால் போச்சு. வெயில் காலத்தில் 540 என்பது 758 ஆகும். கூடுதல் கரண்ட் செலவு 1,997 ரூபாய், கேஸில் மிச்சம் 1,303. ஒரு பில்லுக்கு 694 ரூபாய் நஷ்டம். மொத்தமாக மாறுவது உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று தயங்காமல் சொல்கிறேன்.

சரி, பாதி மாறினால்? சாதாரண மாதங்களில் 400 யூனிட் வரை மட்டும், அதாவது 120 யூனிட் அளவுக்கு இண்டக்ஷனில் சமைத்தால் பில்லுக்கு 155 ரூபாய் மிச்சமாகும். வெயில் காலத்து இரண்டு பில்லை விட்டுவிட்டால் வருடத்தில் நான்கு பில், 620 ரூபாய். இண்டக்ஷன் அடுப்பு 3,000, அதில் வைக்கிற மாதிரி ஒரு குக்கர் 2,500 என்று போட்டால் போட்ட பணம் திரும்ப ஒன்பது வருடம் ஆகும். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம். சிலிண்டர் வர நாளாகும்போது கைகொடுக்கும், வெந்நீருக்கும் பாலுக்கும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, அடுப்படிப் புழுக்கம் குறையும். இவற்றுக்காக வாங்கினால் நல்ல பொருள்.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கிற செலவைச் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். கேஸில் 57 காசு. 4.70 ரூபாய் யூனிட்டில் இண்டக்ஷன் என்றால் 45 காசு. 8.40 ரூபாய் யூனிட்டில் அதே இண்டக்ஷனில் 80 காசு. டிசம்பரில் இண்டக்ஷனில் வையுங்கள், மே மாதத்தில் கேஸில் வையுங்கள்.

உங்கள் மாமியாரின் தயக்கத்தைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிடாதீர்கள். பாத்திரங்களின் விலையை அவர் மனதில் கணக்குப் போட்டிருப்பார். அலுமினிய இட்லிப் பானை, பழைய அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, மண்சட்டி எதுவும் இண்டக்ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் ஆகும். எவர்சில்வரிலும் சிலதில் ஒட்டும், சிலதில் ஒட்டாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் அலமாரியை ஒரு சுற்றுப் பாருங்கள். இரும்பு தோசைக்கல்லில் காந்தம் ஒட்டும், ஆனால் சிறிய இண்டக்ஷனில் அடியிலுள்ள கம்பிச் சுருள் ஏழெட்டு அங்குல வட்டம்தான். பெரிய கல்லை வைத்தால் நடுவில் தோசை முறுகி, ஓரம் வெள்ளையாகவே நிற்கும். விலை குறைந்த மாடல்களில் சிறு தீ என்பதும் கிடையாது. அணைந்து அணைந்து எரியும், அதனால் குறைந்த சூட்டில் பால் கோவா கிண்டுவதெல்லாம் சிரமம். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் வைத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இன்ஃப்ராரெட் அடுப்பில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம், அடி தட்டையாக இருந்தால் போதும். ஆனால் முதலில் கண்ணாடி சூடாகி, பிறகுதான் பாத்திரம் சூடாகும். இண்டக்ஷனை விடக் கரண்ட் கூட இழுக்கும், அணைத்த பிறகும் கண்ணாடி கொதிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் பரிந்துரைப்பதில்லை.

இனி ஹாப். கேஸ் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் அடுப்பில் எரிகிற அதே கேஸ்தான் அதிலும் எரிகிறது. 27,500 ரூபாயில் நீங்கள் வாங்குவது அழகு, துடைக்கிற வசதி, கூடவே தீ அணைந்தால் கேஸை நிறுத்துகிற பாதுகாப்பு. கடைசியாகச் சொன்னது எல்லா ஹாப்பிலும் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான்காவது பர்னர் தினமும் எரியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உங்கள் சமையல் இப்போது மூன்றில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஹாப்பில் எனக்குப் பிடிக்காத ஒன்று கிரானைட்டை வெட்டுவது. வெட்டும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எட்டு வருடம் கழித்துக் கண்ணாடி உடைந்து, அந்த மாடலும் சந்தையில் இல்லை என்றால், அந்த ஓட்டைக்குப் பொருந்துகிற ஹாப்பைத் தேடி அலைய வேண்டும், கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். ஓட்டையை அடைக்க வழி கிடையாது, கல்லையே மாற்ற வேண்டும். தினசரி சங்கடமும் உண்டு. ரசம் பொங்கினால் சாதாரண அடுப்பைத் தூக்கிக் கழுவிவிடலாம். ஹாப்பில் பர்னர் வழியாக உள்ளே இறங்கினால் மெக்கானிக்குக்குப் போன் போட வேண்டியதுதான். அடுக்குமாடியில் குழாய் கேஸ் வரும் என்று பேச்சு இருந்தால், வாங்குகிற அடுப்பில் ஜெட்டை, அதாவது பர்னருக்குக் கேஸ் வருகிற சிறு துளைத் திருகை, மாற்ற முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் கேஸுக்கும் குழாய் கேஸுக்கும் ஜெட் வேறு.

ஹாப்புக்காக நான் வாதாடுகிற இடம் ஒன்று உண்டு. மேடைமேல் அடுப்பை வைத்தால் பாத்திரம் நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிடும். உங்கள் மாமியார் உயரம் குறைவானவர், தோள்வலி உள்ளவர், பெரிய குண்டானில் எட்டிக் கிளறுகிறவர் என்றால், ஹாப் அவருக்கு ஒவ்வொரு நாளும் உதவும். அதற்குச் செலவழிக்கலாம். அப்படியே ஆனாலும் மேடை இன்னும் போடவில்லையென்றால், மேடையின் உயரத்தையே அடுப்பு வரும் இடத்தில் நான்கு அங்குலம் குறைத்துக் கட்டச் சொல்லலாம். செலவு மிகக் குறைவு, ஓட்டையும் இல்லை. ஹாப்தான் வேண்டும் என்றால் காலோடு மேடைமேலும் வைக்கலாம், பதிக்கவும் செய்யலாம் என்ற இரட்டை மாடலாக, மூன்று பர்னரில் பாருங்கள். முதலில் வெட்டாமல் வைத்துப் பழகுங்கள்.

என் யோசனை இது: இருக்கிற அடுப்பைப் புது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தீ மஞ்சளாக எரிந்தாலோ பாத்திரத்தின் அடி கறுத்தாலோ பர்னரையும் ஜெட்டையும் ஒருமுறை சர்வீஸ் செய்யுங்கள், கேஸ் வீணாவது நிற்கும். ரப்பர் டியூப் ஐந்து வருடமாகிவிட்டதென்றால் கட்டாயம் மாற்றுங்கள். கூடவே ஒரு சிறிய இண்டக்ஷன். எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடியும். மீதி 20,000-ஐ வங்கியில் போட்டு வையுங்கள். ஒரு வருடம் அந்தச் சமையலறையில் சமைத்த பிறகும் ஹாப் வேண்டும் என்று தோன்றினால் ரொக்கமாக வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுவர் பூசுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, அடுப்பு மேடைக்கு மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பவர் பிளக் வைக்கச் சொல்லுங்கள். 2,000 வாட் அடுப்பை மிக்ஸி ஓடுகிற சாதாரண பிளக்கில் சொருகக் கூடாது. இப்போது சில ஆயிரத்தில் முடிகிற வேலை, டைல்ஸ் ஒட்டிய பிறகு பல மடங்காகும். இன்டீரியர்காரர் அடுத்த முறை வரும்போது ஹாப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.