கேள்விக்குறியில் சிக்கும் குவெரிகள்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வெப் புரோகிராமிங் செய்கிறவர்கள் கேட்டவை இவை. டேட்டாபேஸிடம் கேட்கிற குவெரிக்குள் மதிப்பை நேரே ஒட்டாமல், அந்த இடத்தில் கேள்விக்குறியோ ஒரு பெயரோ வைத்து, மதிப்பைத் தனியே பாராமீட்டராகக் கொடுக்கிற நல்ல பிள்ளைகள்தான் எல்லாரும். ஆனாலும் நம் கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கிற டிரைவர் விடுகிறதா?

களுவாஞ்சிக்குடி மாணவி: அண்ணா, பைதனில் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பாவிக்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால், "ஒரு மதிப்புத்தான் வேண்டும், பத்து வந்திருக்கிறது" என்ற பொருளில் பிழை காட்டுகிறது. நான் கொடுத்தது ஒன்றுதானே?

பழைய அடையாள அட்டை போல, தங்கச்சி. ஒன்பது இலக்கம், ஒரு 'வி', மொத்தம் பத்து. புதிய அட்டை இலக்கத்தைப் போட்டால் பன்னிரண்டு என்று சொல்லும். டிரைவர் எதிர்பார்ப்பது மதிப்புகளின் வரிசை. நீங்கள் வெறும் சரத்தை (ஸ்ட்ரிங்) கொடுத்ததால் எழுத்துக்கு எழுத்து ஒரு மதிப்பாக எண்ணிவிட்டது. அடைப்புக்குறி போட்டேனே என்பீர்கள். அது போதாது, மதிப்புக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் வேண்டும். அப்போதுதான் பைதன் அதை டியூப்பிள், அதாவது மதிப்புகளின் வரிசை, என்று எடுக்கும்.

மருதமுனையிலிருந்து: சேர், கைத்தறிச் சாரன் விற்கிற தளம், பிஎச்பியும் அதிலிருந்து டேட்டாபேஸோடு பேசுகிற பிடிஓவும். பக்கத்துக்கு 12 சாரன் காட்ட, எத்தனை வரி வேண்டும் என்று சொல்கிற லிமிட்டுக்குப் பாராமீட்டர் கொடுத்தால் சின்டாக்ஸ் பிழை. அதே குவெரியில் 12 என்று கையால் எழுதினால் ஓடுகிறது.

பிழைச் செய்தியை நன்றாகப் பாருங்கள், 12ஐச் சுற்றி மேற்கோள் குறி நிற்கும். அதைப் போட்டது டிரைவர். மைஎஸ்கியூஎல்லுக்கான பிடிஓ டிரைவர், குவெரியை முன்கூட்டியே தயார்செய்யச் சொல்லி நாம் பிரிப்பேர் என்று கூப்பிட்டாலும் அந்த வேலையைச் சர்வரிடம் கொண்டுபோகாது. மதிப்புகளைத் தானே குவெரிக்குள் வைத்து, முழு வரியாக்கித்தான் அனுப்பும். எமுலேஷன் என்கிற இந்த ஏற்பாடு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆனில்தான் இருக்கும். எக்ஸிகியூட்டுக்குள் அரேயாகக் கொடுத்ததெல்லாம் அதற்குச் சரம், சரமென்றால் மேற்கோள். லிமிட்டோ எண்ணைத்தான் ஏற்கும்.

மதிப்பை முழு எண்ணாக மாற்றி, பைண்ட்வேல்யூவில் இன்ட் வகை என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் சரி. எமுலேஷனையே நிறுத்தலாம், நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் நிறுத்தினால் வேறொரு இடத்தில் இடிக்கும். தேடல் பக்கத்தில் சாரனின் பெயரிலும் விவரத்திலும் ஒரே சொல்லைத் தேட, ஒரே பாராமீட்டர் பெயரை இரண்டு இடத்தில் எழுதியிருப்பீர்கள். இதுவரை ஓடியது எச்ஒய்093 என்ற பிழையோடு நின்றுவிடும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, மதிப்பை இரண்டு முறை கொடுங்கள்.

ஏறாவூரிலிருந்து: சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடுகிற லைக் தேடலில் எதுவுமே வரவில்லை. விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே கேள்விக்குறி வைத்து, மேற்கோளும் போட்டிருக்கிறேன்.

மேற்கோளுக்குள் போன கேள்விக்குறி வெறும் எழுத்து. குவெரியில் அதைத் தனியே விட்டு, விழுக்காட்டுக் குறிகளை மதிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: நெல் ஆலைக்கு விவசாயிகளின் விவரம் பதிகிறோம். பிடிஓ இல்லை, பிஎச்பியின் மைஎஸ்கியூஎல்ஐ பாவிக்கிறோம். போன் நம்பரில் முதல் பூச்சியம் காணாமல் போகிறது, சேர்.

பைண்ட்பாராமில் அதற்கு 'ஐ' (முழு எண்) என்று வகை கொடுத்திருப்பீர்கள். 'எஸ்' (சரம்) என்று மாற்றுங்கள், டேபிளில் அந்த நிரலையும் (column) எழுத்துகளுக்கான வார்சார் ஆக்குங்கள். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லையே.

காத்தான்குடியிலிருந்து: விலைப்படியா பெயர்ப்படியா என்று வாடிக்கையாளர் தெரிவு செய்கிறார். அதை, வரிசைப்படுத்தச் சொல்கிற ஆர்டர் பைக்குப் பாராமீட்டராகக் கொடுத்தேன். பிழையும் இல்லை, வரிசையும் இல்லை.

பாராமீட்டர் மதிப்புக்கு மட்டும்தான் நிற்கும், நிரலின் பெயருக்கோ டேபிள் பெயருக்கோ நிற்காது. எல்லா வரிக்கும் ஒரே சொல்லை வைத்து அடுக்கச் சொன்ன கதைதான் இது. அனுமதிக்கிற நிரல்களின் பெயர்களை உங்கள் கோடில் ஒரு அரேயாக வைத்து, வந்த தெரிவு அதில் இருந்தால் மட்டும் குவெரியில் சேருங்கள். பிரவுசரிலிருந்து வந்ததை அப்படியே ஒட்டினால் இத்தனை நாள் பாராமீட்டர் போட்டதெல்லாம் வீண்.

வாழைச்சேனையிலிருந்து: பாராமீட்டராகக் கொடுத்த தமிழ்ப் பெயர்கள் டேபிளில் வெறும் கேள்விக்குறிகளாகக் கிடக்கின்றன, அண்ணன்.

பாராமீட்டரில் குற்றமில்லை. டேட்டாபேஸ் இணைப்பு வரியில் கேரக்டர் செட்டை (எழுத்துகளைக் குறியாக்கும் முறை) யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள், டேபிளும் அதுவாகவே இருக்கட்டும். அதற்கு முன் கேள்விக்குறியாகப் பதிந்தவை திரும்பி வராது. அந்தப் பெயர்களை மீண்டும் தட்டத்தான் வேண்டும், தம்பி.